முறைவழிச் சண்டையா, நிகழ்நேரச் சண்டையா? கணினி ஆர்பிஜி விளையாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரை கைத்தொலைபேசியில் பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் ஆடி வளர்ந்தவர்கள், வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகப் படிப்புக்கென மடிக்கணினி வாங்கிய பின்னர்தான் பெரும்பாலும் முதன்முறையாகக் கணினி ஆர்பிஜி விளையாட்டுகளை, அதாவது ஒரு கதைக்குள் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளை, திறந்து பார்க்கிறார்கள். ஒரு விளையாட்டில் எதிரி கண்ட மாத்திரத்தில் பாய்ந்து வருகிறான். இன்னொன்றில் நாம் எழுந்து சென்று தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் நம் முறை முடியும்வரை அசையாமல் நிற்கிறான். இந்த வேறுபாடு ஏன், எது சிறந்தது, எதிலிருந்து தொடங்குவது என்று தம்பிமாரும் தங்கைமாரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன.

இரண்டு முறைகளுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு என்ன?

நேரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். முறைவழிச் சண்டை நாயும் புலியும் ஆட்டத்தைப் போன்றது: ஒருவர் காயை நகர்த்தி முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும், எவ்வளவு நேரம் யோசித்தாலும் பலகை மாறாது. நிகழ்நேரச் சண்டை கிளித்தட்டைப் போன்றது: நீங்கள் தயங்கும் கணத்திலும் எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும்.

முதலாவதில் பெரும்பாலும் தவறான முடிவு எடுத்ததால்தான் தோற்கிறோம். இரண்டாவதில் சரியான முடிவைத் தாமதமாக எடுத்ததாலும் தோற்கலாம். சலிப்பு, பரபரப்பு, நியாயம், அநியாயம் என்று விளையாடுபவர்கள் பேசிக்கொள்ளும் மற்ற எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவைதான்.

முறை வைத்துச் சண்டையிடும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் பெயரில் வெளிவந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டிலிருந்து வந்தது. அதுவும் சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் போர் நடத்தும் பழைய விளையாட்டுகளிலிருந்து பிறந்ததே. பலர் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டி ஆடும்போது ஒருவர் பின் ஒருவராகத்தான் செயற்பட முடியும். அந்த விதிகளைக் கணினிக்குக் கொண்டுவர முயன்றவர்கள் அந்த ஒழுங்கையும் சேர்த்தே கொண்டுவந்தார்கள்.

1981 இல் வந்த விசார்ட்ரி விளையாட்டில் குழுவில் உள்ள ஆறு பேருக்கும் முதலில் கட்டளைகளைக் கொடுத்துவிட வேண்டும், அதன் பின்னர் அந்தச் சுற்று முழுவதும் ஒன்றாக நடந்தேறும். 1983 இல் வந்த அல்டிமாவின் மூன்றாம் பாகம் சண்டைக்கென்று தனிக் களத்தைத் திறந்து, நால்வரையும் ஒவ்வொருவராக நகர்த்தவிட்டது. 1988 இல் எஸ்எஸ்ஐ நிறுவனம் வெளியிட்ட பூல் ஒஃப் ரேடியன்ஸ் கட்டங்களில் நின்று போரிடும் முறையை மேசை விளையாட்டுக்கு மிக அருகில் கொண்டுசென்றது. யார் எங்கே நிற்கிறார், எவருடைய முதுகுப்புறம் திறந்திருக்கிறது என்பதெல்லாம் அதில் வெற்றி தோல்வியை முடிவு செய்தன.

பழைய கணினிகளுக்கு வேகம் போதாததால்தானே முறைவழிச் சண்டை இருந்தது? இன்று அதற்கு என்ன தேவை?

இந்தக் கருத்தைப் பலர் உறுதியாக நம்புகிறார்கள். வரலாறு அதை ஆதரிக்கவில்லை. பூல் ஒஃப் ரேடியன்ஸ் வருவதற்கு முந்தைய ஆண்டான 1987 இலேயே அட்டாரி எஸ்டி கணினியில் டன்ஜன் மாஸ்டர் முழு நிகழ்நேரத்தில் ஓடியது. நிலவறையில் அரக்கர்கள் உங்களுக்காகக் காத்திருக்கவில்லை, நீங்கள் நின்றால் அவர்கள் வந்தார்கள். கணினியால் அன்றே முடிந்தது. செய்யாதவர்கள் வேண்டாமென்றுதான் செய்யாமல் இருந்தார்கள்.

மறுபக்கமும் பாருங்கள். ஜப்பானின் ஃபைனல் ஃபன்டசி வரிசை 1991 முதல் பல பாகங்களில் ஓடும் நேரத்தைக் கலந்து ஆடியபின், 2001 இல் பத்தாம் பாகத்தில், அதுவரை இருந்ததைவிட வலிமையான கருவியில், முழு முறைவழிக்குத் திரும்பியது. பெல்ஜியத்தின் லேரியன் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட பல்டர்ஸ் கேட் 3, அக்காலத்தின் மிகக் கனமான விளையாட்டுகளில் ஒன்றாக இருந்தும் முறைவழிச் சண்டையையே எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான த கேம் அவார்ட்ஸ் விருதைப் பெற்றது. வேகமற்ற கணினிக்காகச் செய்த சமரசம் என்றால் அது இத்தனை ஆண்டுகள் வாழ்ந்திருக்காது.

டயப்லோ முதலில் முறைவழி விளையாட்டாக இருந்தது என்பது உண்மையா?

உண்மை. அதை உருவாக்கிய குழுவின் தலைவர்களில் ஒருவரான டேவிட் பிரெவிக், தொடக்கத்தில் அதை முறைவழி விளையாட்டாகவே வடிவமைத்தார். வெளியீட்டாளரான பிளிசார்ட் பக்கத்திலிருந்து நிகழ்நேரத்துக்கு மாற்றும்படி யோசனை வந்தபோது அவர் எதிர்த்தார். குழுவில் வாக்கெடுப்பு நடந்தது, அவருடைய பக்கம் தோற்றது. மாற்றத்துக்கு நெடுங்காலம் எடுக்கும் என்று எண்ணியவர், சில மணி நேரத்தில் அதைச் செய்து முடித்து, ஓர் எலும்புக்கூட்டின்மீது சுட்டியை அழுத்தினார். வீரன் நடந்து சென்று அதை நொறுக்கிய அந்தக் கணத்தில் தம் எண்ணம் மாறிவிட்டதாக அவரே பிற்காலத்தில் பொதுமேடையில் விவரித்திருக்கிறார்.

இதை எடுத்துக்காட்டி நிகழ்நேரமே எப்போதும் வெல்லும் என்று வாதிடுவோர் ஒரு விடயத்தைக் கவனிப்பதில்லை. டயப்லோவில் நீங்கள் நடத்துவது ஒரே ஒருவனை. உங்கள் கண்ணும் கையும் கவனமும் அவன் ஒருவனுக்கே போதுமானவை. ஆறு பேர் கொண்ட குழுவை அதே வேகத்தில் ஓடவிட்டிருந்தால் அந்த மகிழ்ச்சி கிடைத்திருக்காது. நான் இவ்விவாதத்தில் எப்போதும் முதலில் கேட்பது, அந்த விளையாட்டில் எத்தனை பேரை நீங்கள் நடத்த வேண்டும் என்பதைத்தான். ஒருவனாக வாழ்வதற்கு நிகழ்நேரம் பொருந்தும். ஒரு குழுவுக்குத் தலைமை தாங்குவதற்கு முறைவழி பொருந்தும்.

இடைநிறுத்தத்துடன் கூடிய நிகழ்நேரம் என்பது என்ன?

மேற்சொன்ன இரண்டையும் இணைக்கச் செய்த முயற்சி. சண்டை தானாக ஓடும். நீங்கள் விரும்பிய கணத்தில் ஸ்பேஸ் பொத்தானை அழுத்தி எல்லாவற்றையும் உறையவைத்து, ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்து, மறுபடி ஓடவிடலாம். 1992 இல் டார்க்லண்ட்ஸ் இதைச் செய்தது. ஆனால் உலகம் முழுவதும் இம்முறையை அறிந்தது 1998 இல் பயோவெயர் நிறுவனத்தின் பல்டர்ஸ் கேட் வழியாகத்தான். கொமாண்ட் அன்ட் கொன்கர், வோர்கிராஃப்ட் போன்ற நிகழ்நேரப் போர் விளையாட்டுகள் கொடிகட்டிப் பறந்த காலம் அது.

பல்டர்ஸ் கேட்டின் உள்ளே மேசை விளையாட்டின் விதிகளே ஓடின. மேசையில் ஏறக்குறைய ஒரு நிமிடமாகக் கருதப்பட்ட சுற்று, இங்கே 6 நொடியாகச் சுருங்கியது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனியாகச் சுற்று எண்ணப்பட்டு, பகடைகள் கண்ணுக்குத் தெரியாமல் உருண்டன. எதிரி தென்பட்டால், குழுவில் ஒருவர் காயப்பட்டால், சுற்று முடிந்தால், விளையாட்டு தானாகவே நிற்கும்படி அமைத்துக்கொள்ளவும் வசதி இருந்தது.

இம்முறையின் பெரும் பலம், ஒரே நேரத்தில் பல காரியங்கள் நடப்பது. எதிரி மந்திரவாதி மந்திரத்தை உச்சரித்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிக்குள் அவன்மீது ஓர் அம்பாவது பாய்ந்துவிட்டால் மந்திரம் கலைந்துவிடும். அந்தப் பதற்றத்தை முறைவழிச் சண்டையில் அதே அளவுக்குக் கொண்டுவருவது கடினம். அற்ப எதிரிகளைக் கடந்து செல்வதும் எளிது: கட்டளை கொடுக்காமலே வீரர்கள் அடித்து முடித்துவிடுவார்கள்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. நல்ல எதிரிகளோடு மோதும்போது ஒவ்வொரு நொடிக்கும் நிறுத்தி நிறுத்தி ஆட வேண்டியிருப்பதால், ஒழுங்கான முறை ஒன்று இல்லாத முறைவழிச் சண்டையையே ஆடிக்கொண்டிருப்போம். யார் எப்போது அடிப்பார் என்பதை விளையாட்டு சொல்லாது, நாம் ஊகிக்க வேண்டும். ஆறு பேரும் பன்னிரண்டு எதிரிகளும் ஒரு வாசலில் குவிந்துவிட்டால் எவர் எவரை அடிக்கிறார் என்பதே தெரியாது. பல்டர்ஸ் கேட்டின் முதல் இரண்டு பாகங்களையும் மிகுந்த அன்போடு நினைவில் வைத்திருப்பவன் நான். அந்த அன்பு அவற்றின் கதைக்கும் தோழர்களுக்கும் உரியது, வாசலில் குவிந்த சண்டைகளுக்கு உரியதன்று.

ஒரே சண்டையை இரண்டு முறையிலும் ஆடினால் உண்மையில் என்ன மாறும்?

மிகவும் பயனுள்ள கேள்வி. உங்கள் குழுவில் நால்வர்: முன்னே நிற்கும் வாள்வீரன், வில்லாளி, மருத்துவம் செய்யும் பூசகி, தீப்பந்து எறியக்கூடிய மந்திரவாதி. எதிரே ஒடுங்கிய பாதையில் எட்டுப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நிகழ்நேரத்தில் தீப்பந்துக்குக் கட்டளையிட்ட பின் அது வெடிக்கச் சில நொடி ஆகும். அதற்குள் எதிரிகள் நகர்ந்துவிடலாம், அல்லது உங்கள் வாள்வீரன் ஆவேசத்தில் முன்னேறித் தீயின் வட்டத்துக்குள் நுழைந்துவிடலாம். ஆகவே எதிரி இன்னும் சில நொடியில் எங்கே இருப்பான் என்று கணித்து எறிய வேண்டும். வாள்வீரனைப் பாதையின் வாயில் நிறுத்தி அசையாதே என்று கட்டளையிடுவதும் அவசியம். இங்கே திறமை என்பது முன்னுணர்தல்.

முறைவழியில் தீயின் வட்டம் யார் யாரைத் தொடும் என்பதைக் கட்டளைக்கு முன்பே திரையில் பார்க்கலாம். ஐந்து பேர் சிக்குவார்கள், நம்மவரும் ஒருவர் சிக்குவார் என்றால், நம்மவரை இரண்டடி பின்னே இழுத்த பிறகு எறியலாமா, இழுத்தால் அவர் எதிரியை விட்டு விலகும்போது அந்த எதிரிக்கு ஓர் இலவச அடி கிடைக்குமா என்று யோசிக்க நேரம் இருக்கிறது. இங்கே திறமை என்பது வரிசைப்படுத்தல்: எந்தச் செயலை எதற்கு முன் செய்வது என்பது.

ஆனால் முறைவழிக்கு ஒரு நோய் உண்டு. முதலில் அடிப்பவர் அளவுக்கு மிஞ்சிய பலன் பெறுகிறார். எட்டுப் பேரும் அடுத்தடுத்து முறை பெற்றால், நீங்கள் விரலை அசைப்பதற்குள் மந்திரவாதி இறந்திருப்பார். நல்ல வடிவமைப்பாளர்கள் இதற்கு மருந்து தேடியிருக்கிறார்கள். டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 (2017) முறை வரிசையை ஒருவர் நம் பக்கம், ஒருவர் எதிர்ப் பக்கம் என்று மாற்றி மாற்றி அடுக்குகிறது. பல்டர்ஸ் கேட் 3 வரிசையைத் தீர்மானிக்க மேசை விளையாட்டின் இருபது பக்கப் பகடைக்குப் பதிலாக நான்கு பக்கப் பகடையை உருட்டுகிறது. அதனால் அதிர்ஷ்டத்தைவிடப் பாத்திரத்தின் சுறுசுறுப்பே பெரிதும் பேசும். வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் நம்மவர்கள் தங்கள் முறைகளைக் கலந்து ஆடவும் அது இடம் தருகிறது. 1999 இல் வந்த ஜக்ட் அலையன்ஸ் 2 இன்னும் அழகான வழியைக் கண்டது: எதிரி தன் முறையில் நகரும்போது உங்கள் வீரனின் கண்ணில் பட்டுவிட்டால், அவ்வீரன் அந்த முறையை இடைமறித்துச் சுடக்கூடும். முறையின் ஒழுங்கும் காத்திருப்பவனின் விழிப்பும் ஒன்றாக வேலைசெய்யும் இந்த ஏற்பாட்டுக்கு இணையானதை அதன் பின்னர் வந்த விளையாட்டுகளில் நான் அரிதாகவே பார்க்கிறேன்.

செயற்புள்ளிகள் என்பவை எதற்கு?

ஒரு முறைக்குள் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு வரம்பு வேண்டும். 1997 இல் வந்த ஃபோல்அவுட்டில் ஐந்துடன் உங்கள் சுறுசுறுப்பில் பாதியைக் கூட்டினால் கிடைப்பது உங்கள் செயற்புள்ளி. நடப்பதற்கும் சுடுவதற்கும் பையைத் திறப்பதற்கும் அதிலிருந்தே செலவாகும். டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 ஒவ்வொரு முறைக்கும் 4 புள்ளி தந்து, மிச்சம் பிடித்து 6 வரை சேர்க்க விடுகிறது. இன்று சேமித்து நாளை பெரிதாக அடிப்பதா என்ற கேள்வி அதிலே பிறக்கிறது. பல்டர்ஸ் கேட் 3 இல் புள்ளிகள் இல்லை. ஓர் அசைவு, ஒரு செயல், ஒரு சிறுசெயல், எதிரியின் முறையில் ஒரு பதில்வினை என்ற நான்கும்தான். புதியவர்களுக்கு இந்த முறை விரைவில் பிடிபடும்.

85 வீதம் வாய்ப்பு என்று காட்டியும் அடி தவறிவிடுகிறதே, விளையாட்டு ஏமாற்றுகிறதா?

இல்லை. 85 வீதம் என்றால் ஏறக்குறைய ஏழு தடவைக்கு ஒரு தடவை தவறும். ஒரு நீண்ட சண்டையில் அது பல தடவை நடந்தே தீரும். பகடை உருட்டும் நிகழ்நேர விளையாட்டுகளிலும் இத்தகைய தவறுகள் நடக்கின்றன, அங்கே நாம் கவனிப்பதற்குள் அடுத்த அடி விழுந்துவிடுகிறது. தொடர்ந்து தவறுவது மனதைப் புண்படுத்துகிறது என்பதற்காக, தோல்விகளின் நீண்ட தொடரைக் குறைக்கும் அமைப்பு ஒன்று பல்டர்ஸ் கேட் 3 இல் இருக்கிறது. வேண்டாதவர்கள் அதை அணைத்துவிடலாம்.

முறைவழிச் சண்டை எனக்குச் சலிப்பாக இருக்கிறது. குறை என்னிடமா?

பெரும்பாலும் குறை அந்த விளையாட்டின் எதிரி அடுக்கலில் இருக்கிறது. முறைவழியில் ஒவ்வொரு சண்டையும் நேரத்தைத் தின்னும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம், ஒரு புதிய சிக்கல், ஒரு புதிய நிலம் இருக்க வேண்டும். எலிகளையும் ஓநாய்களையும் வழி நெடுகத் தூவி வைத்தால் எந்த மனிதருக்கும் சலிக்கும்.

இதை மிகத் தெளிவாகப் பார்க்க விரும்புவோர், முதலில் இடைநிறுத்த நிகழ்நேரத்துக்காக வடிவமைக்கப்பட்டுப் பின்னர் முறைவழி சேர்க்கப்பட்ட விளையாட்டுகளை ஆடிப் பார்க்கலாம். ஒப்சிடியன் நிறுவனத்தின் பில்லர்ஸ் ஒஃப் இட்டர்னிட்டி இரண்டாம் பாகம் 2018 இல் வந்தது, முறைவழி 2019 இல் சேர்ந்தது. அவுல்கட் நிறுவனத்தின் பாத்ஃபைண்டர்: கிங்மேக்கரும் 2018 இல் வந்து 2020 இல் முறைவழியைச் சேர்த்துக்கொண்டது. இரண்டிலும் விதிகள் முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன, ஒவ்வொரு திறனுக்கும் பயன் கிடைத்தது. ஆனால் வழியில் கிடந்த சிறு கும்பல்கள், ஓடும் நேரத்தில் அரை நிமிடத்தில் முடிந்தவை, இப்போது பல நிமிடம் இழுத்தன.

அதற்கு முன்பே ட்ரொய்கா நிறுவனத்தின் ஆர்கேனம் (2001) இரண்டு முறையையும் ஒரே விளையாட்டில் தந்து, இரண்டிலும் தடுமாறியது. நிகழ்நேரத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பதற்குள் யாராவது இறந்திருப்பார்கள். அதே நிறுவனம் 2003 இல் முழு முறைவழியாக வெளியிட்ட டெம்பிள் ஒஃப் எலமென்டல் ஈவில், கதையில் மெலிந்திருந்தாலும் சண்டையில் இன்றும் பேசப்படுகிறது. ஒன்றைத் தேர்ந்து அதற்கென்றே செய்தால் எவ்வளவு சிறப்பாக வரும் என்பதற்கு அந்நிறுவனத்தின் இந்த இரண்டு விளையாட்டுகளுமே போதுமான சான்று.

இரண்டையும் வைத்திருந்து ஓரளவு வென்றது 2021 இன் பாத்ஃபைண்டர்: ராத் ஒஃப் த ரைச்சஸ். அதில் ஒரு பொத்தானால் சண்டையின் நடுவிலேயே முறை மாற்றலாம். அற்பக் கும்பலை ஓடவிட்டு முடித்து, தலைவன் வரும்போது முறைவழிக்கு மாறுங்கள். அந்த விளையாட்டை ஆட இதைவிட நல்ல வழி இல்லை.

சண்டை இல்லாத நேரத்திலும் முறை வைத்துத்தான் நடக்க வேண்டுமா?

தேவையில்லை. ஃபோல்அவுட் முதல் பல்டர்ஸ் கேட் 3 வரை பெரும்பாலானவற்றில் ஊர் சுற்றுவது நிகழ்நேரத்தில்தான். சண்டை மூண்டதும் முறை தொடங்கும். பொறிகள் நிறைந்த அறையைக் கடக்கும்போது பல்டர்ஸ் கேட் 3 இல் நாமாகவே முறைவழியை இயக்கிக்கொள்ளவும் முடியும்.

ஜப்பானிய விளையாட்டுகள் எந்தப் பக்கம்?

இரண்டு பக்கமும், அவற்றுக்கு இடையிலும். 1986 இல் டிராகன் குவெஸ்ட் முறைவழியை அந்நாட்டு மக்களின் வீட்டுப் பழக்கமாக்கியது. 1991 இல் ஃபைனல் ஃபன்டசி நான்காம் பாகத்தில் ஹிரோயுகி இட்டோ ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓடும் கடிகாரத்தை வைத்தார்: கடிகாரம் நிரம்பியதும் உங்கள் முறை, ஆனால் நீங்கள் யோசிக்கும்போது எதிரியின் கடிகாரமும் நிரம்பிக்கொண்டிருக்கும். 2006 இல் பன்னிரண்டாம் பாகம் தோழர்களுக்கு முன்கூட்டியே நிபந்தனைக் கட்டளைகளை எழுதிவைக்கச் சொன்னது. நண்பனின் உயிர் பாதிக்குக் கீழே இறங்கினால் அவனைக் குணப்படுத்து என்பது போன்றவை அவை. 2009 இன் டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. ஒரு குழுவை நிகழ்நேரத்தில் நடத்துவதற்கு இதுவரை கண்டுபிடிக்கப்பட்டவற்றுள் நேர்மையான வழி இதுவே என்பது என் கருத்து. சிந்தனை சண்டைக்கு முன்பே முடிந்துவிடுகிறது, சண்டையில் அது சரியா என்று பார்க்கிறோம்.

2023 இல் பதினாறாம் பாகத்தில் ஃபைனல் ஃபன்டசி வரிசை முற்றாக நிகழ்நேர அடிதடிக்கு மாறியது. அதற்கு எதிர்த்திசையில், அதுவரை தெருச் சண்டை விளையாட்டாக இருந்த யகுசா வரிசை 2020 இல் லைக் எ டிராகன் மூலம் முறைவழிக்கு வந்தது. பிரான்சின் ஒரு சிறு குழு 2025 இல் வெளியிட்ட கிளேர் ஒப்ஸ்கூர்: எக்ஸ்பெடிஷன் 33 நம் முறையில் யோசிக்க விட்டு, எதிரியின் முறையில் சரியான கணத்தில் பொத்தானை அழுத்தி அடியைத் தடுக்கச் சொல்கிறது. எதிரியின் முறையில் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ற பழைய முறைப்பாட்டுக்கு அது நல்ல பதில்.

நிகழ்நேரச் சண்டை என்றால் விரல் வேகம் மட்டும்தானா?

அப்படிச் சொல்வது அநியாயம். 2011 இல் வந்த டார்க் சோல்ஸில் வெறித்தனமாகப் பொத்தானை அழுத்துபவர் விரைவில் இறப்பார். ஒவ்வொரு வீச்சுக்கும் தென்பு செலவாகும், தொடங்கிய வீச்சைப் பாதியில் நிறுத்த முடியாது. எதிரியின் தோள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, பொறுத்து, ஓர் அடி அடித்து விலக வேண்டும். பையைத் திறந்தாலும் உலகம் நிற்காது. தனி ஒருவனின் அச்சத்தையும் பொறுமையையும் இவ்வளவு நேரடியாக உணர்த்த முறைவழியால் முடியாது.

என் மடிக்கணினி பழையது. எதை ஆடலாம்?

திரை ஓட்டம் தடைப்பட்டுத் தடைப்பட்டு வந்தாலும் முறைவழிச் சண்டையில் தோற்கமாட்டீர்கள். நிகழ்நேரத்தில் அந்தத் தடக்கமே உயிரை எடுக்கும். ஆனால் முறைவழி என்றால் எல்லாமே இலேசானவை என்று நினைத்துவிட வேண்டாம். பல்டர்ஸ் கேட் 3 கேட்கும் சேமிப்பிடம் 150 ஜிகாபைட். மாத டேட்டாவை அளந்து பயன்படுத்தும் வீட்டில் அதைத் தரவிறக்குவது பெரிய காரியம். பழைய ஃபோல்அவுட், பல்டர்ஸ் கேட்டின் புதுப்பித்த பதிப்பு ஆகியவை எந்தக் கணினியிலும் ஓடும்.

ஆடும்போது மின்சாரம் நின்றுவிட்டால்?

2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த காலத்தை யாரும் மறந்திருக்க முடியாது. இன்றும் மார்கழி மழையிலும் காற்றிலும் எங்கள் பக்கத்தில் மின்சாரம் நிற்பது புதிதன்று. மடிக்கணினியின் பற்றரி பழுதாகியிருந்தால், விளையாட்டைத் தேர்வதற்கு முன் சண்டையின் நடுவில் சேமிக்க முடியுமா என்று பாருங்கள். பல்டர்ஸ் கேட் 3, டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 ஆகியவற்றில் முடியும். பழைய பல்டர்ஸ் கேட்டிலும் பில்லர்ஸ் ஒஃப் இட்டர்னிட்டியிலும் முடியாது. அவற்றில் ஒரு பெரிய சண்டைக்குள் நுழையுமுன் வெளியே நின்று சேமித்துக்கொள்வதைப் பழக்கமாக்குங்கள்.

எனக்கு ஆங்கிலம் வேகமாக வாசிக்க வராது. எது உதவும்?

முறைவழிதான், ஐயமின்றி. இவ்வகை விளையாட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் கிடைப்பதில்லை. ஒரு மந்திரத்தின் விளக்கத்தை வாசித்து, தெரியாத சொல்லை அகராதியில் பார்த்து, அடி ஏன் தவறியது என்ற பதிவையும் படித்துவிட்டு முடிவெடுக்க முறைவழி இடம் தருகிறது. எதிரி காத்திருப்பான்.

கை சரிவர இயங்காதவர்கள் ஆட முடியுமா?

போரில் கையையோ விரல்களையோ இழந்தவர்களும், பக்கவாதத்தின் பின் ஒரு கையால் வாழ்பவர்களும் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். ஃபோல்அவுட், டிவினிட்டி, பல்டர்ஸ் கேட் 3 போன்றவற்றை ஏறக்குறைய முழுமையாகச் சுட்டி ஒன்றாலேயே, தமக்கு இயன்ற வேகத்தில் ஆட முடியும். முறைவழியை ஒழிக்க வேண்டுமென்று எழுதுபவர்களிடம் இதைச் சொல்ல நான் ஒருபோதும் தயங்கியதில்லை. எல்லா விளையாட்டும் நிகழ்நேரமானால் இவர்கள் வெளியே நிற்பார்கள்.

நண்பர்களோடு இணையத்தில் சேர்ந்து ஆட எது நல்லது?

இணைப்பு மெதுவாக இருந்தால் முறைவழி. கட்டளை அரை நொடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் கேடில்லை. பல்டர்ஸ் கேட் 3 இலும் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 இலும் நான்கு பேர் சேரலாம். காத்தான்குடியில் ஒருவரும் சம்மாந்துறையில் ஒருவரும் இருந்து ஆடலாம். குறை ஒன்றுதான்: ஒவ்வொரு முறைக்கும் நீண்ட நேரம் யோசிப்பவர் ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்கள் தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இடைநிறுத்த நிகழ்நேரம் பலரோடு ஆட ஏற்றதன்று. ஒருவர் நிறுத்தும்போது எல்லோருக்கும் நிற்கிறது.

இதுவரை தொலைபேசியில் மட்டுமே ஆடியிருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

தனி ஒருவனாகச் சுற்ற ஆசையிருந்தால் டயப்லோ வகையிலிருந்து தொடங்குங்கள், அரை மணி நேரத்தில் கை பழகிவிடும். குழுவை நடத்த விருப்பமென்றால் டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2 ஐ, கடினத்தைக் குறைக்கும் எக்ஸ்ப்ளோரர் நிலையில் வைத்துத் தொடங்குங்கள். அதன் முதற் தீவு வழக்கமான கடினத்தில் புதியவர்களைத் துரத்திவிடக்கூடியது. வில்லாளியை உயரமான இடத்தில் ஏற்றி நிறுத்துங்கள், அடி கூடும். எதிரிகள் தண்ணீரில் நின்றால் மின்னலையும், எண்ணெயில் நின்றால் தீயையும் பயன்படுத்துங்கள். உங்கள் ஆட்களும் அதே தண்ணீரில் நிற்கிறார்களா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். இவை கைவந்த பின்னர் கடினத்தை ஒரு படி உயர்த்தலாம். பல்டர்ஸ் கேட் 3 க்குப் போவதானால் அதன் பிறகு போவது நல்லது.